விதையின் கட்டுச்சோறு

அடுக்களை மூலையில் கவனிப்பாரற்றுக் கிடந்த வெங்காயம் ஒன்று முளைவிட்டிருக்கக் கண்டால், அதை எடுத்து ஒரு சீசாவின் வாயில் உட்காரவைத்து, அதன் அடிப்பாகம் ஜலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி அளவு பார்த்து ஊற்றி, ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஓடிப்போய், வேர் இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்காத குழந்தைகள் நம் வீடுகளில் சிலரே இருப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான். வெள்ளிக் கம்பிகளைப்போல வேர்கள் சீசாவுக்குள் இறங்குவதையும், மேலே பச்சைத் தாள்கள் கிளம்பி நிமிர்வதையும், சில சமயம் அவற்றின் நடுவே ஒரு பூந்தண்டே எழுந்து நிற்பதையும் கண்டு, செடிகளுக்கு மண் என்பது வெறும் சம்பிரதாயந்தான் போலும் என்று அந்த வயதில் ஒரு சித்தாந்தம் செய்துகொண்டேன். அதே சீசாவில், அதே கிணற்று ஜலத்தில், ஈரத்துணியில் முளைக்கவைத்த அவரை விதை ஒன்றை நிறுத்திப் பார்த்தபோது சித்தாந்தம் இடிந்துவிட்டது. அவரை இரண்டு இலை விட்டது; அடுத்து வந்த இலை வெளுத்துச் சிறுத்தது; சில நாளில் தண்டு சாய்ந்தது.

வெங்காயத்துக்குப் போதுமாயிருந்த தண்ணீர் அவரைக்கு ஏன் போதவில்லை? குழந்தைக் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொள்வதற்கே ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பிடித்தது. கேட்ட பிறகு முழு விடை கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. இன்று பட்டணத்து மாடிவீட்டில், வெயில் எட்டிப் பாராத ஒரு கூடத்து மூலையில், பெட்டியளவான ஒரு தொட்டியில் பெட்டூனியா விதையைத் தூவி, மண் என்பதையே தொடாமல் இரண்டு மூன்று மாதத்தில் பூவைக் காண்கிறவர்கள், அந்த விடைகள் அத்தனையையும் ஒரு பொத்தானை அமுக்கி அனுபவிக்கிறார்கள்.

கிழங்கு பிதுரார்ஜிதச் சொத்துள்ள பிள்ளையைப் போன்றது. சென்ற பருவத்தில் மண்ணிலிருந்தும் வெயிலிலிருந்தும் தாய்ச்செடி சம்பாதித்ததையெல்லாம் மடிமடியாகச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வேண்டியது அந்தச் சொத்தைக் கரைத்துச் செலவழிப்பதற்குக் கொஞ்சம் தண்ணீரே. விதைக்கு வாய்த்தது கட்டுச்சோறு. வழிநடைக்குத் தாய் கட்டிக்கொடுத்த அந்த மூட்டை, முளை மண்ணைக் கீறி வெளியே வந்து, வேர் ஊன்றி, இரண்டு இலையை விரித்துத் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் மட்டுக்குந்தான் காணும். நம்முடைய தென் ஜில்லாக்களில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிற ஸ்திரீகள் இந்தக் கணக்கை எந்த சாஸ்திரத்தையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். நவதானியத்தை மண்சட்டியில் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றி, வெளிர்மஞ்சளாய் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும் அந்தப் பயிரை ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ தலையில் சுமந்து சென்று நீர்நிலையில் கரைத்துவிடுகிறார்கள். இன்னும் சில நாள் அந்த இருட்டறையிலேயே விட்டிருந்தால் கட்டுச்சோறு தீர்ந்து பயிர் தலை தொங்கியிருக்கும். கரைப்பதற்கு அவர்கள் குறித்த நாள் பக்தியில் பிறந்ததானாலும், விதையின் கையிருப்பு ஏறத்தாழத் தீரும் நாளும் அதுவேயாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிற விஷயம்.

ஐரோப்பாவில் வீட்டுக்குள் ஜலத்தில் பூ வளர்க்கும் வழக்கம் கிழங்கிலிருந்துதான் தொடங்கியது. ஹயாசிந்த் என்று ஒரு மலர். இதை நம் ஏரி குளங்களை அடைத்துக்கொண்டு உபத்திரவம் செய்கிற வெங்காயத்தாமரையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆங்கிலேயர் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயரை வைத்துவிட்டார்களேயொழிய இரண்டுக்கும் உறவு கிடையாது. ஹயாசிந்த் கிழக்கு மத்தியதரைக்கடற் பிரதேசத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் மேற்கே சென்ற செடி. வெங்காயம் போன்ற கிழங்கு. நம் சம்பங்கியைப்போல ஒரே தண்டில் நெருக்கமாகப் பூக்கள். அறையை நிரப்பும் வாசனை. ஹாலந்து தேசத்து ஹார்லெம் நகரத்துத் தோட்டக்காரர்கள் இதைப் பலவிதமாகப் பெருக்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் பணக்காரர்கள் பைத்தியமாய் விலைகொடுத்து வாங்கும் பொருளாக ஆக்கினார்கள். பனிக்காலத்தில் வெளியே ஒரு புல்லும் தலைதூக்காத அந்த நாடுகளில், கதகதப்பான கூடத்துக்குள் பூ ஒன்று மலர்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, வருஷம் முழுவதும் மல்லிகையோ அரளியோ ஏதேனும் ஒன்று பூத்துக்கொண்டிருக்கும் பூமியில் பிறந்த நாம் ஊகித்துத்தான் அறிய வேண்டும்.

இந்தப் பூவுக்காகவே ஒரு கண்ணாடிப் பாத்திரம் உண்டாயிற்று. இடுப்புச் சிறுத்து, மேலே கிண்ணம்போல விரிந்திருக்கும் அதன் வாயில் கிழங்கு உட்காரும், கீழ்ப்பாகத்தில் ஜலம். நிரப்பியவுடன் வெளிச்சத்தில் வைத்துவிடுவதில்லை. குளிர்ந்த இருட்டறை ஒன்றில் சில வாரங்கள் ஒளித்துவைத்து, கண்ணாடி நிறைய வேர் ஓடிய பிறகே அதைக் கூடத்து ஜன்னலுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு நடப்பது கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தப் பூ சென்ற கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகி மடங்கிக் கிடந்த பூ. தண்ணீர் அதை உண்டாக்கவில்லை, விரித்து மட்டும் காட்டியது. ஆட்டம் முடிந்தபின் கிழங்கு சப்பிப்போன பனம்பழக் கொட்டைபோல் ஆகிவிடும். மறுவருஷம் அதே கண்ணாடியில் அதே கிழங்கு பூக்காது. வேறு கிழங்கு வாங்க வேண்டியதுதான். ஹார்லெம் வியாபாரிகளுக்கு இதில் வருத்தம் இருந்திருக்க நியாயமில்லை.

தண்ணீரே செடியாகிறது என்ற நம்பிக்கை, கண்ணாடியில் கிழங்கு வைத்துப் பார்த்த சீமாட்டிகளுக்கு வெகுகாலம் முன்பே, பெரிய பண்டிதர்களையும் ஆட்டிவைத்தது. பிரஸ்ஸல்ஸ் அருகே வாழ்ந்த வான் ஹெல்மாண்ட், உலர்த்தி நிறுத்த 200 ராத்தல் மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் விடாமல் வளர்த்து, பின் மரத்தை நிறுத்தபோது அது 169 ராத்தல் இருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் இரண்டு அவுன்ஸ் சுமார் குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் ஜலத்திலிருந்தே வந்தது என்று அவர் தீர்மானித்தார். அவர் காலமான பின் 1648ல் அவர் மகன் வெளியிட்ட நூலில் இந்தப் பரிசோதனை இருக்கிறது. தராசில் தவறில்லை, கணக்கிலும் தவறில்லை. மரம் காற்றிலிருந்தும் ஆகாரம் எடுக்கும் என்று யாருக்கும் தோன்றாத காலம், அவ்வளவே. ஆனால் அலட்சியமாகத் தள்ளிவிட்ட அந்த இரண்டு அவுன்ஸ் இருக்கிறதே, அதிலேதான் நம் கதை முழுவதும் அடங்கிக் கிடந்தது.

ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் அந்த இரண்டு அவுன்ஸின் வாடையைச் சிறிது பிடித்தார். புதினாச் செடிகளை மழைத்தண்ணீர், ஊற்றுத்தண்ணீர், தேம்ஸ் நதித்தண்ணீர், தோட்டத்து மண்ணைக் கலக்கிய தண்ணீர் என்று வெவ்வேறு பாத்திரங்களில் நிறுத்தி, எடை பார்த்து, 1699ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அவர் எழுதிய முடிவு, தண்ணீர் எவ்வளவுக்கெவ்வளவு கலங்கலோ அவ்வளவுக்கவ்வளவு செடி செழிக்கிறது என்பது. காவேரிப் புதுவெள்ளத்தைக் கண்டு பழகிய நம் குடியானவன் இதைக் கேட்டால் சிரிப்பான். எனினும், கண்டதை நிறுத்துப் பார்த்து எழுதிவைத்தவர் உட்வர்ட் என்ற மரியாதை அவருக்கு உரியது. கலங்கலில் இருப்பது என்ன என்பதைச் சொல்ல ரசாயன சாஸ்திரம் அப்போது பிறக்கவில்லை.

பிறந்து வளர்ந்து அது ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தபோது, 1860ஐ ஒட்டிய வருஷங்களில், யூலியஸ் ஸாக்ஸ், வில்ஹெல்ம் க்நோப் என்ற இருவர் கிழங்கை ஒதுக்கிவிட்டு விதையைக் கையில் எடுத்தார்கள். இங்கேதான் உண்மையான ஆரம்பம். ஸாக்ஸின் முறை வெகு எளிது: நன்றாக அலசிய ஈர மரத்தூளில் சோள விதையையோ அவரை விதையையோ முளைக்கவைத்து, வேர் நீண்டதும் அலுங்காமல் எடுத்துக் கழுவி, துளையிட்ட தக்கையில் பொருத்தி, தக்கையை ஒரு கண்ணாடிச் சாடியின் வாயில் மூடிவிடுவார், வேர் மட்டும் உள்ளே தொங்கும். சாடியைச் சுற்றி வெளிச்சம் புகாமல் அட்டை ஒன்றைச் சுற்றிவைப்பார். இல்லாவிட்டால் ஜலத்தில் பாசி படரும். உள்ளே வெறும் ஜலமில்லை. நிறுத்துக் கலந்த உப்புகள். க்நோப் லைப்சிக் நகரத்துக்கு அருகிலிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பலகாலம் பாடுபட்டு வகுத்த கலவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கால்சியம் நைட்ரேட் நாலு பங்கு, பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் ஸல்பேட் ஒவ்வொரு பங்கு, துளி இரும்பு. இந்த ஐந்தையும் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் குறைவாகக் கரைத்துவிட்டால் விதை முளைத்து, இலை தழைத்து, பூத்து, காய்த்து, மறுபடியும் முளைக்கக்கூடிய விதையைத் தந்தது. கட்டுச்சோறு தீர்ந்த இடத்தில் க்நோப் ஒரு சத்திரம் கட்டினார் என்று சொல்லலாம்.

அந்தச் சத்திரத்தில் அவருக்குத் தெரியாமலே சில சாமான்கள் வந்து சேர்ந்திருந்தன என்பது பின்னால் வெளிப்பட்ட வேடிக்கை. அக்காலத்து உப்புகள் இன்றுபோல் சுத்தமானவையல்ல. ஒவ்வொன்றிலும் போரான், மாங்கனீஸ், துத்தநாகம், தாமிரம் என்று அணுப்பிரமாணமான அழுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வியாபாரிகள் உப்பைச் சுத்தம் செய்யச் செய்ய, முன்பு செழித்த செடிகள் காரணம் தெரியாமல் நோயுற்றன. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் நிலையத்தில் காதரீன் வாரிங்டன் என்ற அம்மையார், சுத்தமான கரைசலில் பெரிய அவரைச் செடிகள் நுனி கருகி மாய்வதையும், எள்ளளவு போரிக் அமிலம் சேர்த்தால் பிழைப்பதையும் 1923ல் நிலைநாட்டினார். 1926ல் துத்தநாகம், 1931ல் தாமிரம், 1939ல் மாலிப்டினம் என்று பட்டியல் நீண்டது. சுத்தம் சோறு போடும் என்பது நம் பழமொழி. செடிகளின் விஷயத்தில் அழுக்குத்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

எழுபது வருஷ காலம் இதெல்லாம் ஆராய்ச்சிசாலைச் சாடிகளோடு நின்றது. சாடியை வயலாக்கலாம் என்று துணிந்தவர் கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் ஜெரிக். அகலமான ஆழமற்ற தொட்டியில் கரைசலை நிரப்பி, அதன்மேல் கம்பிவலை பரப்பி, வலையின்மேல் வைக்கோலும் மரச்சுருளுமாக மெத்தை ஒன்றைப் போட்டு, அந்த மெத்தையில் செடி ஊன்றிக்கொள்ள, வேர்கள் வலையைக் கடந்து கீழேயுள்ள கரைசலில் இறங்கும்படி செய்தார். மெத்தைக்கும் ஜலமட்டத்துக்கும் நடுவே காற்று நிற்க இடம் விட்டதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 1929ல் இதைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். அவர் தொட்டித் தக்காளிகள் 25 அடி உயரம் போயின, ஏணி போட்டுப் பறித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். முறைக்குப் பெயர் வேண்டியிருந்தது. முதலில் அவர் வைத்த பெயர் மீன்வளர்ப்புக்கு ஏற்கெனவே வழங்கிவந்தது. அதே சர்வகலாசாலையில் இருந்த செட்சல் என்ற தாவரநூல் ஆசிரியர் கிரேக்கத்தில் நீர் என்ற சொல்லையும் உழைப்பு என்ற சொல்லையும் இணைத்து ஹைட்ரோபோனிக்ஸ் என்று கொடுத்தார். 1937ல் அது அச்சேறியது. தண்ணீரை வேலை வாங்குவது என்று நான் இதை அர்த்தம் செய்துகொள்கிறேன். தமிழில் நீரியல் வளர்ப்பு என்று எழுதுகிறோமே, அதில் இந்த உழைப்பின் சுவை வரவில்லை.

ஜெரிக் உற்சாகி, உற்சாகிகளுக்கு நேர்வது அவருக்கும் நேர்ந்தது. வீட்டில், தம் சொந்த நேரத்தில் வளர்த்துக் கண்டறிந்த முறையின் விவரங்களை உடனே வெளியிட வேண்டுமென்று சர்வகலாசாலை கேட்க, அவர் மறுக்க, மனஸ்தாபம் முற்றி அவர் வெளியேறி, 1940ல் தம் நூலைக் கொண்டுவந்தார். இதற்கிடையில் சர்வகலாசாலை இந்த அதிசயத்தின் உண்மையைச் சோதிக்குமாறு டென்னிஸ் ஹோக்லண்ட், டேனியல் ஆர்னன் என்ற இருவரை ஏவியது. 1938ல் அவர்கள் வெளியிட்ட சிறு பிரசுரம் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்தது: நல்ல மண்ணில் விளைவதைவிட ஜலத்தில் அதிகமாக விளைந்துவிடாது, இந்த முறைக்கென்று மாயம் எதுவும் இல்லை. ஆனால் நிதானமாக எழுதிய அந்தப் பிரசுரத்தில், செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கென்று ஒரு கரைசலின் அளவுகளையும் சேர்த்தார்கள். இன்று உலகத்தில் எந்த மூலையில் எவர் மண்ணில்லாமல் செடி வளர்த்தாலும் ஹோக்லண்ட் கரைசலை அல்லது அதன் பேரனைத்தான் ஊற்றுகிறார். நம்பியவர் தொட்டியைக் கொடுத்தார். சந்தேகித்தவர் ஆகாரத்தைக் கொடுத்தார்.

காய்கறியைப் பற்றியே ஊர் பேசிக்கொண்டிருந்தாலும், இந்த முறையைப் பணம் பண்ணும் தொழிலாக முதலில் அணுகியவர்களில் பூ வளர்ப்போர் முக்கியமானவர்கள் என்பதை மறக்கலாகாது. 1935ல் நியூஜெர்சி விவசாயப் பரிசோதனை நிலையத்தார், கண்ணாடி வீட்டுக்குள் வெறும் மணலில் கரைசலை விட்டு கார்னேஷன் மலர்களை வளர்ப்பது எப்படி என்று பிரசுரம் போட்டார்கள். கண்ணாடி வீட்டு மண் வருஷத்துக்கு வருஷம் நோய்பிடித்துப் போகும். அதை வாரிக் கொட்டிப் புது மண் நிரப்புவதோ ஆவிவிட்டு அவிப்பதோ பெருஞ்செலவு. மணலானால் கழுவிவிடலாம். பெரிய தத்துவம் எதுவுமில்லை, கூலிக்கணக்கே.

யுத்தம் வந்தது. பசிபிக் சமுத்திரத்து வேக் தீவில் யுத்தத்துக்கு முன்பே செய்ததுபோல, அட்லாண்டிக் நடுவே எரிமலைக் கல்லாய்க் கிடக்கும் அஸென்ஷன் தீவிலும் ஆகாய விமானக்காரர்களுக்குப் பச்சைக் கறி கொடுப்பதற்காகத் தொட்டிகள் கட்டப்பட்டன. 1946ல் ஜப்பானில் சோஃபூ என்னுமிடத்தில் அமெரிக்கச் சேனை 22 ஹெக்டேரில் சரளைத் தொட்டிகளை அமைத்தது. நம் தேசத்துக்கும் இந்த முறை அந்தச் சமயத்தில்தான் வந்தது. வங்காளத்தில், இமயமலைச் சாரலில் காலிம்போங் என்ற ஊரில், ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் 1946, 47ல் பரிசோதனை செய்தார். அமெரிக்க முறைக்குப் பம்பும் குழாயும் மின்சாரமும் வேண்டும். அக்காலத்து இந்தியக் குடும்பத்துக்கு அவை கிடையா. ஆகவே அவர் கல்லுடைத்த சரளையையும் மணலையும் கலந்து தொட்டியில் நிரப்பி, உப்புக் கலவையைப் பொடியாகவே மேலே தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். இயந்திரம் ஒன்றுமில்லை. 1951ல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்கு வங்காள முறை என்றே பெயர். ஏழைவீட்டு மொட்டைமாடிக்கு ஏற்ற அந்த முறை நம் நாட்டில் ஏன் பரவாமல் போயிற்று என்று நான் யோசித்ததுண்டு. மண் இலவசமாகக் கிடைக்கிறவரையில் உப்பை விலைக்கு வாங்க எவருக்கும் மனம் வருவதில்லை.

ஆகாரம் கிடைத்தாயிற்று. ஆனால் கரைசலில் மூழ்கிய வேர் சில நாளில் பழுப்பேறி அழுகிற சங்கடம் ஒன்று எல்லாருக்கும் நேர்ந்தது. வேரும் சுவாசிக்கிறது, மண்ணின் துகள்களுக்கிடையே இருக்கும் காற்றை அது உண்கிறது, தேங்கிய ஜலத்தில் அந்தக் காற்று வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஜெரிக் விட்ட இடைவெளி இதற்குத்தான். பின்னால் ஆலன் கூப்பர் என்ற ஆங்கிலேயர், சாய்வான வாய்க்கால் ஒன்றில் காகிதக் கனமான ஜலப்படலம் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்து, வேரின் பாதி நனைந்தும் பாதி காற்றிலும் இருக்குமாறு அமைத்தார். ஹாலந்து தேசத்தவர் பாறையை உருக்கிப் பஞ்சாக நூற்று, அந்தப் பஞ்சுக் கட்டியில் ரோஜாவையும் ஜெர்பராவையும் நட்டார்கள். பயன்படுத்திய பஞ்சுக் கட்டிகளைக் கொட்ட இடமின்றிப் போனபோது, அதற்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்தபின் மிஞ்சும் தூள். பொள்ளாச்சிப் பக்கத்தில் கயிற்றுத் தொழிற்சாலைகளின் பின்புறத்தில் மலைமலையாகக் குவிந்து, மழையில் நனைந்து காவிநிறத் தண்ணீரை ஓடைகளில் விட்டு, யாருக்கும் வேண்டாத பொருளாகக் கிடந்ததே, அதே நார்த்தூளை இப்போது உப்புப் போகக் கழுவி, செங்கல்லாக அமுக்கிக் கப்பலேற்றுகிறார்கள். ஹார்லெமின் கிழங்கு ஒருகாலத்தில் உலகெங்கும் போயிற்று. இன்று டச்சுக்காரரின் பூவுக்கு நம் தென்னை படுக்கை விரிக்கிறது.

இனி வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தாராளமாகத் தோன்றுகிறதே தவிர, செடிக்கு அது பஞ்சப்படி. கண் இருட்டுக்குத் தக்கவாறு தன்னைத் திறந்துகொள்கிற வஞ்சகப் பொருள். வெளியே உள்ள வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் போதுமென்று நம்மை நம்பவைத்துவிடும். செடிக்கு அப்படி ஏமாறத் தெரியாது. வில்லியம் ஸீமன்ஸ் என்ற மின்சாரப் பொறியாளர் 1880ல் இங்கிலாந்தில் தம் பண்ணையில் ராத்திரியெல்லாம் மின்வில் விளக்கை எரியவிட்டுச் செடி வளர்த்தார். விளக்கை மூடியின்றி வைத்தால் இலை வெந்துபோகிறது, நடுவே கண்ணாடி வைத்தால் பிழைக்கிறது என்று கண்டார். கார்னெல் சர்வகலாசாலையில் லிபர்ட்டி ஹைட் பெய்லி இதைத் தொடர்ந்தார். பிறகு 1920ல் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையை வைத்து வெளியிட்ட உண்மை எல்லாவற்றிலும் விநோதமானது: பூப்பதற்குச் செடி பார்ப்பது வெளிச்சத்தின் மிகுதியை மட்டுமன்று, பகலின் நீளத்தையும். சாமந்தி, பகல் குறுகினால்தான் மொட்டு வைக்கும். சில செடிகள் பகல் நீண்டால்தான். ஆகவே வீட்டுக்குள் விளக்கை இருபத்துநான்கு மணி நேரமும் எரியவிட்டு உபகாரம் செய்வதாக எண்ணுகிறவன், சாமந்திக்கு அபகாரம் செய்கிறான். இலை தழைக்கும், பூ வராது.

1938ல் குழல்விளக்கு கடைக்கு வந்தது. சூடும் குறைவு, செலவும் குறைவு. அமெரிக்காவில் நிலவறைகளில் இதைக் கட்டித் தொங்கவிட்டு மத்தியதரக் குடும்பத்து ஸ்திரீகள் ஆப்பிரிக்க வயலெட் என்ற சிறு செடியை வளர்க்கத் தலைப்பட்டார்கள். இப்போதைய டான்ஸானியாவைச் சேர்ந்த உஸாம்பரா மலையில் 1892ல் ஜெர்மானிய அதிகாரி ஸெய்ன்ட் பால் கண்டெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய செடி அது. நிழலில் பிறந்ததாகையால் குழல்விளக்கின் மங்கல் அதற்குப் போதும். 1946ல் அதற்கென்றே ஒரு சங்கம் அங்கே ஏற்பட்டது. திரி ஒன்றைத் தொட்டியின் அடியில் செருகிக் கரைசல் பாத்திரத்தில் தொங்கவிட்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஆகாரத்தை ஏறவிடும் தந்திரம் இவர்கள் கையில்தான் பிரபலமாயிற்று. ஆராய்ச்சிசாலைக்கும் அடுக்களைக்கும் பாலம் போட்டவர்கள் இந்த அம்மையார்களே என்பது என் அபிப்பிராயம். கடைசிக் கல்லை ஜப்பானியர் வைத்தார்கள். 1993ல் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல டயோடு விளக்கைச் செய்துகாட்டினார். சிவப்பு முன்பே இருந்தது. இலை விரும்பி உண்பது இவ்விரு நிறங்களையும் என்பதால், வெயிலே புகாத அறையிலும் செடிக்குப் பந்தி போடலாம் என்றாயிற்று. 2014ல் அவருக்கும் அகஸாகி, அமானோ இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, விளக்குக்காக; பூவுக்காக அல்ல.

2006ல் அமெரிக்கக் கடைகளில் ஏரோகார்டன் என்ற பெயரில் வந்ததும், பின்னால் பலர் பலவாறு செய்ததுமான சமையல்மேடைத் தோட்டங்கள், மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தவைதான். அவற்றில் விதையிலிருந்து பூ எடுப்பவனுக்கு இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. பெட்டூனியா விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 இருக்கும், தூசிதான். அதன் கட்டுச்சோறு ஒரு பிடிகூட இல்லை. அதைப் புதைக்கக் கூடாது. ஈரப் பஞ்சுக் கட்டியின்மேல் வைத்து, வெளிச்சம் படவிட்டு, காற்றின் ஈரம் போகாமல் சிறு மூடியால் மூட வேண்டும். வேர் பஞ்சைக் கடந்து கரைசலை எட்டும்வரையில் கரைசலைப் பாதிப் பலமாகவே வைக்க வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் சாப்பாடு செரிக்காது. நாலைந்து ஜோடி இலை வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். நான் முதல்முறை கிள்ள மனம் வராமல் விட்டுவிட்டேன். ஒற்றைத் தண்டாக விளக்கில் போய் முட்டிக் கருகியது. நாஸ்டர்ஷியமோ நேர்மாறு. பட்டாணிபோன்ற விதை, தாராளமான மூட்டை. ஆனால் நைட்ரஜன் மிகுந்த கரைசலைக் கொடுத்தால் தட்டுத்தட்டாய் இலை விட்டு, பூவை மறந்துவிடும்.

இந்த வித்தை போய்ச் சேர்ந்த மிகத் தொலைவான இடத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2015 நவம்பர் 16ம் தேதி ஜின்னியா விதைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். நம் பள்ளிக்கூடத் தோட்டங்களில் வேலியோரம் பூக்கும் ஜின்னியாதான். மெக்ஸிகோ தேசத்துச் செடி. எடையற்ற இடத்தில் தண்ணீர் தொட்டியில் தங்காது, உருண்டையாகி மிதக்கும், வேரைக் கவ்விக்கொண்டு மூச்சை அடைக்கும். ஆகவே சுட்ட களிமண் குருணையும் மெல்லக் கரையும் உரமும் நிரப்பிய சிறு தலையணைகளில் விதையை வைத்து, திரி வழியாக நனைத்து, மேலே சிவப்பும் நீலமும் பச்சையுமான டயோடு விளக்கை எரியவிட்டார்கள். எந்த நாளில் எத்தனை தண்ணீர் என்பதற்குப் பூமியிலிருந்து அட்டவணை போயிற்று. டிசம்பரில் இலைகளில் தண்ணீர் கசிந்து நின்றது. ஈரம் மிகுந்து பூசணம் பிடித்தது. காற்றாடியை வேகப்படுத்தினால் அளவுக்கு மீறி வாடியது. அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, அட்டவணையை வைத்துக்கொண்டு தோட்டம் போட முடியாது, நான் செடியைப் பார்த்து வேண்டும்போது ஊற்றுகிறேன் என்ற பொருள்படச் சொன்னார். பூமியிலிருந்த விஞ்ஞானிகள் இசைந்து, ஒரே பக்கத்தில் அடங்கிய குறிப்பு ஒன்றை எழுதி அனுப்பிவிட்டு, நிர்வாகத்தை அவர் கையில் விட்டார்கள்.

2016 ஜனவரியில் பூத்தது. ஆகாயத்தில் மலர்ந்த முதல் பூ என்று பத்திரிகைகள் முழங்கின. அது சரியல்ல, 1982லேயே ஸோவியத் நாட்டின் ஸல்யூத் 7 நிலையத்தில் அராபிடாப்ஸிஸ் என்ற சிறு கடுகுச் செடி பூத்து விதையும் கட்டியிருக்கிறது. கெல்லியின் ஜின்னியாக்களில் சில பூசணத்துக்கு இரையாயின. பிழைத்தவை ஆரஞ்சு நிறத்தில் மலர்ந்தன. பிப்ரவரி 14ம் தேதி அவற்றைப் பறித்து, நிலையத்தின் பெரிய ஜன்னலுக்கருகில் மிதக்கவிட்டு ஒரு படம் எடுத்தார். கட்ட நாரும் இல்லை, நிறுத்தி வைக்க ஜாடியும் தேவைப்படவில்லை; ஜன்னலுக்கு வெளியே பூமி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.